இரண்டும் ஒன்றுதான்

அலுவலகத்தில் என்னைப் பாம்புக்காது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. எனக்கு அதில் பெருமைதான். ஐம்பத்தாறு வயதில், தனிக்கட்டையாக இருப்பவளுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது?

நாங்கள் பாட்டுகளைச் சுருக்கித் தருகிற நிறுவனம். ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வரும்போது ஒரு பாட்டு ஆனை மாதிரி வரும். அப்படியே அனுப்பினால் உங்கள் போன் கொஞ்சப் பாட்டிலேயே மூச்சு முட்டிப்போகும். அதனால் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி அனுப்புகிறோம். சுருக்குவது என்றால் துணியை மடித்துப் பெட்டிக்குள் அழுத்துவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. பத்தில் ஒன்பது பங்கைத் தூக்கி எறிகிறோம். எதை எறிவது என்பதில்தான் சூட்சுமம். முரசு அதிரும் அதே நொடியில் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி சிணுங்கினால் நம் காது முரசைத்தான் பிடிக்கும். கம்பியை எடுத்துவிடலாம். சீழ்க்கைக்கும் மேலே போகிற உச்ச ஒலிகள் பாதிப் பேருக்குக் கேட்பதே இல்லை. அதையும் வெட்டிவிடலாம். யாருக்கும் தெரியாமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். திருட்டுத் தொழில் மாதிரி இருக்கிறதா? இருக்கட்டும். ஊரே பாட்டுக் கேட்பது இந்தத் திருட்டை நம்பித்தான்.

எவ்வளவு திருடினால் ஆளுக்குத் தெரிந்துவிடும் என்று சொல்வது என் வேலை. நான்கு சுவரிலும் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், ஒரு கணினி. திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் மூலப் பதிவு ஓடும், மற்றதில் சுருக்கியது ஓடும். எதில் எது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் கண்டுபிடித்துவிட்டால் அவர்கள் அளவுக்கு மீறி எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், மறுபடி செய்ய வேண்டும். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்த அளவு தேறிவிட்டது. முன்பு ஐந்து பேர் இதைச் செய்தோம். ஆட்களையும் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் நான் ஒருத்திதான் மிச்சம்.

என் காது போய்விட்டது என்பதை எனக்குச் சொன்னது மருத்துவர் இல்லை, கீழ்வீட்டுக்காரி. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறி வந்து கதவைத் தட்டினாள்.

"உங்க வாஷிங் மெஷின் ஒரு மணி நேரமா பீப் பீப்னு கத்திக்கிட்டே இருக்கு. எங்க மாமியார் தூங்கணும். கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

நான் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டியதும் அவள் பேச்சும் கேட்டன, உச்சத்தில் கத்துகிற அந்த பீப் மட்டும் ஒன்றுகூடக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்திவிட்டு மெஷினின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். பதினைந்து வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டதற்குக் கூலி வந்து சேர்ந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வீட்டில் என்ன இருக்கிறது? சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து உள்ளே போனால் மறுநாள் காலை ஒன்பதுக்கு அலுவலகக் காவலாளி "வாங்கக்கா" என்று சொல்லும்வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. தங்கை மாதம் ஒரு முறை பேசுவாள், அதுவும் அவள் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்வதற்கு. என்னை அக்கா என்று கூப்பிட அந்த அலுவலகத்தை விட்டால் ஆளில்லை. வேலை போவது பெரிதில்லை. அந்தக் கூப்பிடுதல் போய்விடுமே என்றுதான் நடுங்கினேன்.

திருடனுக்கு ஒரு வழி கிடைக்காமலா போகும்? மூலப் பதிவு பெரிய கோப்பு. பொத்தானை அழுத்தினால் ஒரு கண்ணிமைப் பொழுது தயங்கித்தான் ஓடத் தொடங்கும். சுருக்கியது தொட்டவுடன் ஓடும். நான் காதை விட்டுவிட்டுத் தயக்கத்தை எண்ண ஆரம்பித்தேன். எது மூலம் என்று எப்போதும் சரியாகச் சொன்னேன், ஒரு முறை திருப்பி அனுப்பிவிட்டுத் திருத்தி வந்ததைத் தேறிவிட்டது என்று குறித்தேன். பாம்புக்காது என்ற பெயர் முன்னைவிட ஓங்கியது. முழுப் பூசணிக்காயை இரண்டு வருடம் சோற்றில் மறைத்தேன், ஒருவரும் சோற்றைக் கிளறிப் பார்க்கவில்லை.

போன வருடம் புதுக் கணினி வந்தது. எமன் மாதிரி வேகம். பெரியதோ சின்னதோ, தொட்டவுடன் ஓடியது. தயக்கம் போச்சு, என் பிழைப்பும் போச்சு. என்ன சொல்வது என்று தெரியாமல் அன்று கொடுத்த இருபது பாட்டுக்கும் 'இரண்டும் ஒன்றுதான்' என்று குறித்துவிட்டு, மாட்டிக்கொண்டோம் என்று உட்கார்ந்திருந்தேன்.

மேலாளர் ஓடி வந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர், நல்ல மனுஷன்.

"அக்கா, உங்களாலயே கண்டுபிடிக்க முடியலையா? நெசமாவா?"

"முடியலை."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். விஷயம் இதுதான். அன்று அவர்கள் ஒரு புது அளவைச் சோதித்திருக்கிறார்கள். முன்பு வைத்ததில் பாதி அளவு. பாம்புக்காதையே ஏமாற்றிவிட்டோம் என்று ஒரே கொண்டாட்டம். கேக் வெட்டினார்கள். என் காது செத்ததற்கு வெட்டிய கேக்கில் நானும் ஒரு துண்டு தின்றேன்.

அப்புறம் வேறு யாரும் கேட்டுப் பார்க்காமலேயே வருடம் முழுக்க அந்த அளவில்தான் வேலை நடந்தது. முப்பது வருடத்துப் பாட்டு மொத்தத்தையும் புது அளவில் சுருக்கினார்கள். பல பழைய பாட்டுகளுக்கு எங்களிடம் இருந்ததுதான் ஒரே மூலப் பதிவு. அதைத் தனியாக வைத்திருந்த சேமிப்பகத்தைக் காலி செய்யப்போவதாகவும், வெள்ளிக்கிழமை மூலங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடப்போவதாகவும் சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கையில் கையெழுத்துகளுக்கு மேலே ஒரு வரி: கேட்டுச் சோதித்தவர். அங்கே என் பெயர். செவிடன் காதில் சங்கு ஊதுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். சங்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று அந்தச் செவிடனிடமே கையெழுத்து வாங்கிய இடம் எங்களுடையதுதான்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அவர் வந்தார். அறுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு துணிப்பை. இசைக்குழுக்களில் ட்ரையாங்கிள் வாசிப்பவர். முக்கோணமாக வளைத்த எஃகுக் கம்பி, அதைத் தட்ட இன்னொரு கம்பி, அவ்வளவுதான் வாத்தியம். வரவேற்பில் இருந்தவள் மேலாளருக்கு போன் போட்டு, "கம்பிக்காரர் ஒருத்தர் வந்திருக்கார்" என்றாள். கட்டட வேலைக்கு வந்தவர் என்று நினைத்து மேலாளர் கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டார்.

பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். கம்பிக்காரர் கோபமாகப் பேசவில்லை. யோசித்து யோசித்துப் பேசினார்.

"ஒரு பாட்டு இருக்கு சார். கடைசியில எல்லாரும் வாசிச்சு ஓயற நேரத்துல நான் ஒரே ஒரு தட்டு தட்டுவேன். அது ரொம்ப நேரம் நிக்கும். அந்த ஒரு தட்டுக்காகக் காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருந்தேன் அன்னிக்கு. முந்தாநாள் பேத்தி கிட்ட போட்டுக் காட்டினேன், இதுல தாத்தா இருக்கேன்னு. முடிஞ்சதும் அவ கேட்டா, எங்க தாத்தான்னு."

"பழைய போனா இருக்கும் ஐயா," என்றார் மேலாளர்.

"மூணு போன்ல கேட்டேன். டிங்குன்னு வருது, உடனே ஏதோ மணல் சலிக்கிற மாதிரி ஆகிப் போயிருது. என்னோட சத்தம் அதுல இல்ல."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "அக்காவையே கேட்போம். எங்க அக்கா காது சொன்னா சொன்னதுதான்."

மூவரும் பஞ்சு அறைக்குப் போனோம். நான் ஹெட்போனை மாட்டினேன். முதல் பொத்தான். வயலின்கள் ஓய்ந்தன, முரசு ஓய்ந்தது, ஒரு டிங். இரண்டாவது பொத்தான். வயலின்கள், முரசு, ஒரு டிங். இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவர் கேட்டது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்துதான் மாட்டினேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றேன்.

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் தலையை ஆட்டினார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. வெளிய அந்தப் பொண்ணுகூடச் சொல்லுச்சு, உங்களுக்குப் பாம்புக்காதுன்னு. அப்ப எனக்குத்தான் காது போயிருச்சு." பையை எடுத்தார். "வயசாகுதில்ல. திங்கக்கிழமை ஒரு ரெக்கார்டிங் இருக்கு. வரலைன்னு சொல்லிடறேன். காது போனவன் தப்பா வாசிச்சு மத்தவங்க உழைப்பைக் கெடுக்கக் கூடாது."

மேலாளரிடம் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டார். என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

என் செவிட்டை எடுத்து அவர் தலையில் கட்டிவிட்டேன், அவர் அதை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போகிறார். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. மேலாளர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடினேன். அந்த வயதில் அந்தப் படியில் ஓடியது எனக்கே ஆச்சரியம். இரண்டாவது மாடி வளைவில் அவரைப் பிடித்தேன்.

"அந்தக் கம்பியைக் கொண்டாந்திருக்கீங்களா?"

"பையில இருக்கு. ஏம்மா?"

"ஒரு தட்டு தட்டுங்க. சத்தம் நிக்கறவரைக்கும் கையைத் தூக்கி வச்சுக்கங்க. நின்னதும் இறக்குங்க."

ஒன்றும் புரியாமல் பார்த்தார். ஆனாலும் வாசிக்கச் சொன்னால் வாசிப்பவர்கள் அவர்கள். முக்கோணத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினார், தட்டிய கையைத் தூக்கினார். டிங் என்று எனக்கும் கேட்டது. ஒரு மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. படிக்கட்டில் அமைதி. அவர் கை மேலேயே இருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, போகிற ஒருவரை வாசலில் நின்று பார்ப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதினாலில் கை இறங்கியது.

"உங்க காதுக்கு ஒண்ணும் ஆகலை," என்றேன். "எனக்குத் தட்டினது மட்டும்தான் கேட்டுது. மூணு வருஷமாவே இப்படித்தான். யார்கிட்டயும் சொல்லலை."

அவர் முக்கோணத்தைப் பையில் வைத்தார். திட்டவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "வீட்டுல யாரும் இல்லையாம்மா?"

"இல்ல," என்றேன். அதற்குமேல் அங்கே நின்றால் அழுதுவிடுவேன் போல இருந்தது. "திங்கக்கிழமை கட்டாயம் போங்க," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

மேலாளரின் அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வாஷிங் மெஷின், தயக்கம், புதுக் கணினி, கேக்.  கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. சொல்லி முடித்ததும் சேமிப்பகத்துக்கு போன் போட்டார். வெள்ளிக்கிழமை அழிப்பதை நிறுத்தச் சொன்னார். அழித்தது ஏதாவது உண்டா என்று கேட்டார், இன்னும் ஒன்றையும் தொடவில்லை என்றார்கள். பிறகு வரவேற்பில் இருந்தவளை வரச்சொல்லிப் பஞ்சு அறைக்குக் கூட்டிப்போய் ஹெட்போனை மாட்டிவிட்டார். அவளுக்கு இந்த வேலையில் அ, ஆ கூடத் தெரியாது. இரண்டு பொத்தானையும் ஒரு முறைதான் அழுத்தினாள்.

"இது நல்லா இருக்கு சார். இது என்ன, ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு?"

ஒரு வருட வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் என் மேசைக்குப் போய்க் கண்ணாடிக் கூடு, தண்ணீர்ப் புட்டி, குடை மூன்றையும் எடுத்துக்கொண்டேன். பதினெட்டு வருடத்துக்கு அவ்வளவுதான் இருந்தது.

மேலாளர் வாசல்வரை வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன், களைப்பாகத்தான் இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நாளைக்குக் காலையில பணியாளர் பிரிவுல பாத்து ராஜினாமாக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுருங்க, மேடம்."