கட்டாத மாடியில் குடித்தனம்

நாடு வெளிக்கடன் தவணையைக் கட்டத் தவறி, வங்கிகளை இழுத்து மூடிய கோடையில், வோலோஸ் துறைமுகத்தின் பின்தெருவில் லெஃப்தேரிஸ் வீட்டுக் கட்டாத மாடியில் ஆட்கள் குடிவந்தார்கள். மாடி என்று அங்கே ஒன்றும் கிடையாது. மொட்டைத் தளத்தின் மூலைகளில் துருப்பிடித்த தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். பெண் பிறந்த வீட்டில் அந்தக் கம்பிகளை யாரும் அறுப்பதில்லை. அவள் கல்யாணத்துக்குள் மேல்தளம் எழுப்பித் தரவேண்டுமே. லெஃப்தேரிஸும் மகள் அன்திக்காக விட்டுவைத்திருந்தார். வங்கி அவருக்கு வீட்டுக்கடன் தருவதாக இருந்த நேரம் பார்த்து, நாட்டுக்கே கடன் தர ஆளில்லாமல் போயிற்று. மாடி நின்றது, மாடியோடு கல்யாணமும் நின்றது.

சத்தத்தை முதலில் கேட்டவள் அன்திதான். காலையில் அடுப்பில் காபி பொங்கும்போது தலைக்கு மேல் நாற்காலி இழுபட்டது. பிறகு இடது காலைத் தேய்த்துத் தேய்த்து ஒரு நடை. அது தன்னுடைய நடை என்று தெரிந்ததும் அவள் அடுப்பை அணைத்தாள். கூடவே வறட்டு இருமல் ஒன்று. அது அவளுக்கு நிச்சயித்திருந்த மந்தோஸின் இருமல். அவனோ அப்போது ஊர்நடுவே ஏடிஎம் வரிசையில் வெந்துகொண்டிருந்தான். அம்மா ஸ்டமாத்தா ஏறிப்போய்ப் பார்த்தாள். வெயிலும் கம்பியும்தான் இருந்தன. பாதிரியார் வந்து துளசிக் கொத்தால் தீர்த்தம் தெளித்தார். "ஜெபம் முடியுற வரைக்கும் நடக்காம நின்னாங்க. மரியாதை தெரிஞ்சவங்க, விட்டுடுங்க" என்று சொல்லி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். தெரு ரெண்டு நாள் வாய் ஓயாமல் பேசியது. அப்புறம் தக்காளி விலைக்குத் திரும்பிவிட்டது.

மந்தோஸால்தான் தாங்க முடியவில்லை. "மேல இருக்கிறவன் உன்னோட நல்லாத்தானே குடும்பம் நடத்துறான். கீழ நின்னு நான் என்ன பண்ணப்போறேன்?" என்றான். ஆஸ்திரேலியா போனவன் போனவன்தான். நர்ஸ் வேலை பார்த்த அன்திக்கும் சம்பளம் வந்தால் உண்டு என்ற நிலை. ஜெர்மனியில் இடம் கிடைத்தது. நாட்டுக்குக் கடன் கொடுத்தவன் வீட்டுக்கே பாத்திரம் தேய்க்கப் போகிறாள் என்று தெருவில் கிண்டல்.

கிளம்புமுன் அவள் அப்பாவிடம் கெஞ்சினாள்.

"அந்தக் கம்பிய அறுத்துடுங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு."

"அறுத்துட்டா அவங்க எங்கம்மா போவாங்க?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். 'நான் எங்கே போவேன் என்று ஒருவரும் கேட்கவில்லையே' என்று அன்திக்கு அழுகை முட்டியது. அழாமல் பஸ் ஏறினாள்.

சில வருஷங்கள் கழித்து ஓர் ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்தாள். சொல்லாமல் வந்து அசத்தவேண்டும் என்று நினைத்திருந்தாள். அம்மா சதை போட்டு, முகம் தெளிந்து, தனக்குள் ஏதோ பாடியபடி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா!" என்று அன்தி வாசலில் நின்று கத்தினாள். ஸ்டமாத்தா பதறி எழுந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள், கன்னத்தில் முத்தமிட்டாள், பிறகு கூரையைக் காட்டினாள்.

"மெதுவா, என் கண்ணே. மேல குழந்தை இப்பத்தான் கண்ணசந்தான். பாவம் அன்தி, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை அவளுக்கு."

அன்தி சக்கரப் பெட்டியை உருட்டாமல், தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.