அங்கமுத்து போன வழி

என் மாமா அங்கமுத்து செத்த அன்று எனக்கு வீம்பு தலைக்கேறியிருந்தது. அதை இப்போது யாரிடம் சொல்லி அழுதாலும் ஆவது ஒன்றுமில்லை.

மாமா என்றால் என் அக்கா தேவானையின் புருஷன். மாம்பலம் ஏரியை மண் கொட்டி மூடியபோது கூலிக்குப் போனவர். ஏரி மனையாகி, மனை தெருவான பிறகும் அங்கேயே வேலை பார்த்தார். ஜல்லி கொட்டி, திம்மிசுக் கட்டையால் இடித்து இடித்து அந்தத் தெருவைப் போட்டது அவரும் நானும் இன்னும் பதினைந்து பேரும்தான். வேலை நடந்த வரைக்கும், பக்கத்திலேயே குடிசை போட்டிருக்கிறீர்களே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு வந்தோம், சௌகரியமாக இருந்தது. மயிலாப்பூரிலிருந்து பெரிய மனிதர்கள் வண்டியில் சாமான் ஏற்றி வந்து பால் காய்ச்சிக் குடியேறிய பிறகுதான் நாங்கள் கண்ணை உறுத்த ஆரம்பித்தோம்.

எங்கள் இடுகாடு தெருவுக்கு அந்தப் பக்கம். முன்பெல்லாம் ஏரிக்கரை மேலே தூக்கிக்கொண்டு போவோம். அந்தக் கரையைச் சமன் செய்துதான் தெரு போட்டார்கள். போன கோடையில் தெருக்காரர்கள் கூட்டம் கூடி, இனி இந்த வழியாகப் பிணம் போகக் கூடாது என்று தீர்மானம் போட்டு, முனையில் மூங்கில் தடுப்பும் வைத்தார்கள். எங்களிடம் ஆள் விட்டும் சொன்னார்கள். நாங்கள் சிரித்தோம். பிணத்தைப் பார்த்தால் எவனும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கித்தானே நிற்பான், இதைப் போய் யார் மறிக்கப் போகிறார்கள் என்று நினைத்தோம். போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மாமா ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். விடிகிற நேரத்துக்கு ஷரீஃப் வந்தார். மாமாவோடு மண் சுமந்தவர், இப்போது அந்த மூங்கில் தடுப்புக்குக் காவல்காரர்.

"தெரு இன்னும் எயுந்துக்கல. மேளம் வாணாம். இப்பவே தூக்கிக்கினு வந்துடு நைனா, நான் மூங்கில தூக்கி வுட்டுடறேன். மூணாவது வூட்ல இன்னிக்கு நிச்சயதார்த்தம் கீது. அப்பால என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அவரு இன்னா திருடனா, சத்தம் போடாம போறதுக்கு? அவரு போட்ட ரோடு. மேளம் அடிச்சிக்கினுதான் போவாரு."

"அவரு சொல்றதக் கேளேன்டா தம்பி" என்றாள் அக்கா.

"நீ சும்மா கெட" என்றேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேளத்தோடு எடுத்தோம். தடுப்புக்குப் பத்தடி முன்னால் போகும்போதே மூன்றாம் வீட்டு வக்கீல் வெளியே வந்துவிட்டார். பட்டு வேஷ்டி, கையில் சந்தனம் ஈரம் காயாமல் இருந்தது.

"ஏம்ப்பா, ஆத்துல சுபகாரியம் நடந்துண்டிருக்கு. சம்பந்தி மனுஷாள்ளாம் உக்காந்துண்டிருக்கா. இன்னிக்குப் போய் இப்படி வரலாமா? நாளைக்கு எடுத்துண்டு போயேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எங்களில் வாசலைத் தாண்டிய பாடை இடுகாட்டில்தான் இறங்க வேண்டும். திரும்பி வந்தால் அந்த வீட்டில் இன்னொரு உயிரையும் கூட்டிக்கொண்டு போகும் என்பார்கள். இதை அவருக்கு எப்படிச் சொல்வது? தோளில் மாமாவை வைத்துக்கொண்டே குனிந்தேன்.

"தூக்கினத திருப்பக் கூடாதுங்க சாமி. மேளத்த நிறுத்திடறோம். அஞ்சு நிமிசம், ஓடிடறோம்."

"நான் ஒருத்தன் சரின்னா ஆச்சா? தெருவே சேர்ந்து போட்ட தீர்மானம். வாய்க்கால் பக்கமா சுத்திண்டு போங்கோ." சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள்.

நான் ஷரீஃபைப் பார்த்தேன். அவர் மூங்கிலைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நாலு புள்ளைங்க கீது நைனா" என்றார். வாய்க்கால் பக்கம் நடந்தோம்.

வாய்க்காலில் மார்பளவு தண்ணீர். இருந்தாலும் இறங்கினோம். நடுவில் முன்னால் தூக்கியவனுக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்து, மாமாவின் கால் இரண்டும் சேற்றுத் தண்ணீரில் முங்கின. கழுத்து மாலையைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு மேல் ஓரடி வைத்தால் மாமாவே போய்விடுவார் என்று தெரிந்தது. கரையேறி, தோள் மாற்றி மாற்றி நின்றோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, இருட்டிவிட்டால் எங்களில் புதைப்பதில்லை. கடைசியில் யாரும் யாரிடமும் கேட்காமல் நாலு பேரும் வந்த வழியே நடந்தோம்.

நாங்கள் வருவதைப் பார்த்ததும் எங்கள் வரிசையில் ஒவ்வொரு குடிசையாகப் படலைச் சாத்தினார்கள். பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வக்கீல் வீட்டுக் கதவு சாத்தியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இதைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

அக்கா தலை முழுகி, வீட்டை மெழுகி, விளக்கேற்றி வைத்திருந்தாள். வாசலில் பாடையோடு எங்களைப் பார்த்தவள் விளக்கை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"உள்ள கொண்டாங்க. எம்மா நேரம் தூக்கிக்கினு நிப்பீங்க?"

கிடத்தினோம். முந்தானையால் அவர் காலில் இருந்த சேற்றைத் துடைத்தாள். விரல் இடுக்கெல்லாம் பொறுமையாகத் துடைத்தாள். காலையில் நான் பேசிய பேச்சுக்கு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். என் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

"விடியறதுக்குள்ள தெருவத் தாண்டிடலாம்டா தம்பி. மேளம் வாணாம். போய் ஷரீஃபாண்ட கேட்டுக்கினு வா."

தெருமுனைக்குப் போனேன். நிச்சயதார்த்த வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மூங்கிலுக்கு இந்தப் பக்கமே நின்று, தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஷரீஃபிடம் கேட்டேன்.