பலகை மேல் புத்தூர்

புத்தூர் ரயில் நிலையத்தில் வேகவைத்த வேர்க்கடலை விற்கும் வள்ளியம்மாளின் பாதங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை நடைமேடையோடு ஒட்டிக்கொண்டன. கடப்பாரைக்கும் அசையவில்லை. பெருக்குகிறவர்கள் இரண்டு நாள் அதிசயித்துவிட்டு, அவளைச் சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டார்கள்.

காரணம் தெரிந்தவன் பெயின்ட் அடிக்கும் கூலிக்காரன் நாகேந்திரன் ஒருவன்தான். திருப்பதியில் வேலை செய்த வீட்டில் கழித்துப்போட்ட பொம்மை ரயிலைக் கொண்டுவந்து, பழைய கதவுப் பலகைமேல் புத்தூர் நிலையத்தைக் கட்டியிருந்தான். தண்டவாளத்துக்குச் செங்கல் தூளால் துருவேற்றினான். ஜல்லியைச் சலித்துப் பரப்பினான். தூணடியில் ஊசிமுனையால் வெற்றிலை எச்சில்கூட வைத்தான். அப்படியும் நிலையம் செத்துக் கிடந்தது. ஆள் இல்லாத குறை என்று பட்டது. எம்சீல் மாவைப் பிசைந்து வள்ளியம்மாளைப் பொம்மையாகச் செய்து, ரயில் அதிர்வில் விழாதிருக்க மைதாப் பசையை விட்டுவிட்டு ஃபெவிகுயிக்கில் ஒட்டினான். வினை அதுதான்.

தினமும் அவளுக்குச் சோறு கொண்டுபோனான்.

"இன்னாடா இவ்ளோ கரிசனம்? என்னெக் கட்டிக்கப் போறியா?" என்று சிரித்தவள் அடுத்த வாய்ச் சோற்றில் அழுதாள். குடிபாலாவில் வாழ்க்கைப்பட்ட மகள் சுஷ்மிதாவுக்கு மறுநாள் வளைகாப்பு. தாய் நேரில் வராமல் பெண்ணைப் பிரசவத்துக்கு அனுப்பமாட்டோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்களாம். நாகேந்திரன் வீட்டுக்கு ஓடினான்.

பொம்மையின் காலடியில் வெந்நீர் ஊற்றினான், மண்ணெண்ணெய் ஊற்றினான். பசை விடவில்லை. பிளேடால் நெம்பினான். பொம்மை பெயர்ந்து வந்தது, வலது கணுக்கால் முறிந்து. நிலையத்தில் வள்ளியம்மாள் போட்ட அலறல் அவன் தெரு வரை கேட்டது.

அவளை ஆட்டோவில் ஏற்றி, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் இடத்துக்குக் கொண்டுபோனான். முட்டை வெள்ளை தடவி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார்கள். அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பொம்மையைக் கொடுத்தான். வைத்தியர் அதற்கும் சலிக்காமல் ஒரு சின்னக் கட்டுப் போட்டார்.

"பாவி, மூக்கெ இம்மாம் பெருசா வெச்சிக்கிறியே!" என்றாள் வள்ளியம்மாள். பிறகு மெதுவாக, "இந்தக் காலோட நான் எங்கெ போறது? குடிபாலா கட்டுவியா?"

"கட்றேன்க்கா."

"பசெ கிசெ தடவினே, கொன்னுடுவேன்."

பலகையில் இடமில்லை. கட்டில் பலகையை உருவி ஒட்டுச் சேர்த்தான். மறுநாள் விடிவதற்குள் கரும்புத் தோட்டம், தண்ணீர்த் தொட்டி, சுஷ்மிதாவின் மாமியார் வீடு, வாசலில் பந்தல் எல்லாம் எழுந்தன. பொம்மையை ரயிலில் ஏற்றி அனுப்பி, பந்தலடியில் பசையில்லாமல் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

குடிபாலாவில் வள்ளியம்மாள் கட்டுப்போட்ட காலோடு பந்தலில் நின்றிருந்தாள். எப்படி வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. "இவ்ளோ லேட்டாவா வர்றது?" என்று கேட்டு, சம்பந்தியம்மாள் வளையல் தட்டை அவள் கையில் கொடுத்தாள்.