பணிய லயம் வரைக்கும் ஒரு குரல்

செல்லசாமிக்குத் தோள் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. திருவிழா வந்தால் சாமிக்குத் தேர், மற்றவர்களுக்குப் புதுத்துணி. அவனுக்கு மட்டும் ஏணியும் ஒயரும். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயில்களுக்கெல்லாம் அவன்தான் பாட்டு செட்காரன். இந்த முறை சுமை போதாதென்று கிராஸ்ஓவர் என்றொரு சின்னப் பெட்டியும் வாங்கி வந்திருந்தான்.

போன மழையில் பட்டதே காரணம். மண் சரியப்போகிறதென்று அன்று மைக்கில் தொண்டை கிழியக் கத்தினான். கீழேயிருக்கும் பணிய லயத்தின் வரிசை வீடுகளில் ஒருவரும் அசையவில்லை. நல்லவேளை, சரிந்த மண் மாட்டுப்பட்டியோடு நின்றது. "சத்தம் கேட்டுச்சுண்ணே, பேச்சுத்தான் புரியல" என்றாள் அந்த லயத்து லெட்சுமி. அது அவனுக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

குழாய் ஸ்பீக்கரைச் சொல்லிக் குற்றமில்லை. தடித்த சத்தத்தையும் குரலையும் ஒன்றாகத் திணித்தால் அது கொரகொரக்கத்தான் செய்யும். புதுப் பெட்டி இரண்டையும் முன்னாலேயே பிரித்து, அதிர்வதைத் தரையிலுள்ள பெரிய பெட்டிகளுக்கும், குரலை மரத்தில் கட்டிய குழாய்களுக்கும் தனித்தனி அம்ப்ளிபயர் வழியாக அனுப்பிவிடும்.

கோயில் தலைவர் பழனியாண்டிக்கு அது பிடிக்கவில்லை.

"என்னாப்பா, குழாய் கத்தவே மாட்டேங்குது? அடுத்த தோட்டத்துக்காரன் சிரிக்கிறான். பழையபடி போடு."

"இப்பத்தாங்க தலைவரே சொல்லு தெளிவா இருக்கு."

"திருவிழாவுக்குச் சொல்லு எதுக்கு? சத்தம் வேணும்."

இங்கே சாமியின் பெருமையைக் கொரகொரப்பில்தான் அளப்பார்கள். வாதாட அவனுக்குத் தெம்பில்லை. கழற்றினான். குழாய் கதறியது, தலைவர் முகம் மலர்ந்தது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கோயிலில் ஆளே இல்லை. எல்லாரும் லயத்துக்குள் இருந்தபடி பாட்டுக் கேட்டார்கள். அப்போதுதான் கிராம சேவகர் தலைவருக்குப் போன் செய்தார். பணிய லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறதாம், எல்லாரையும் உடனே கோயிலுக்கு ஏற்ற வேண்டுமாம். பணிய லயத்தில் போனுக்குச் சிக்னல் எடுக்காது. ஆள் இறங்கிப் போகலாமென்றால் படிக்கட்டில் தண்ணீர் ஆறாக ஓடியது.

"மைக்கப் புடிச்சுக் கத்துப்பா!"

"கத்துனா புரியாது. கொஞ்சம் பொறுங்க" என்று செல்லசாமி பாட்டை நிறுத்தினான்.

தலைவர் பதறினார். திருவிழாப் பாட்டு பாதியில் நின்றால் தோட்டத்தில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். "நிறுத்தாதப்பா, அபசகுனம்!"

அவன் காதில் வாங்கவில்லை. குளிரில் விரல் மரத்துப்போய் ஒயர் வழுக்கியது. இருக்கிற அசதியில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. கிராஸ்ஓவரை மறுபடி மாட்டினான். பெரிய பெட்டிகளை அணைத்தான். பிறகு கத்தாமல், நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

"பணிய லயத்து ஆளுங்க எல்லாரும் கோயிலுக்கு ஏறி வாங்க. மண்ணு சரியப் போவுது. சாமான எடுக்காதீங்க. புள்ளைங்கள மட்டும் தூக்கிக்கிட்டு வாங்க."

அதையே சொல்லிக்கொண்டிருந்தான். முதலில் ஒரு குடை தெரிந்தது. பிறகு ஓடும் தண்ணீரில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி வந்தார்கள். தலைவர் வாசலில் நின்று ஆள் விடாமல் பெயர் கேட்டு உள்ளே அனுப்பினார். கடைசியாக லெட்சுமி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நனைந்த தலையோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"பாட்டு நின்னதுமே வாசலுக்கு வந்துட்டோம்ணே. நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் கேட்டுச்சு. ஆனா..." சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். "யாருண்ணே செத்தது?"

கீழே கடகடவென்று மண் இறங்கியது. தகரங்கள் நசுங்கும் சத்தம் மேலே வரை வந்தது.

"யாரும் இல்ல புள்ள" என்ற செல்லசாமி, ஏணியடியில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதான்.