மயங்கி விழுந்த மாணவி

அம்மா படுத்த படுக்கையாகிவிட, கைக்குழந்தைகளாக இருந்த இரட்டைத் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். தம்பிகள் ஆளான பிறகு நகரப் பேருந்து ஓட்டப் போனாள். நிதானமான ஓட்டுநர் என்று பேரெடுத்தாள்.

ஒரு மதியம் அவள் வண்டியில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வண்டியை ஓரங்கட்டி ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. பின் இருக்கையிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து, அவரைக் கீழே படுக்கவைத்து மார்பை அழுத்த ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். இவளுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"நான் நர்ஸுக்குப் படிக்கப் போறேன்" என்றாள் அன்று சாயங்காலம்.

தச்சு வேலை செய்யும் கணவன் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். "அதுக்கு முன்னாடி பத்தாவது, பன்னிரண்டாவதுன்னு ரெண்டு இருக்கே."

"அதையும்தான்."

"சரி, சமையல் என் பொறுப்பு. ருசியைப் பத்தி மட்டும் கேட்கக் கூடாது."

மாலைப் பள்ளியில் சேர்ந்தாள். அறிவியல் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. கணக்குதான் காலை வாரியது. அவள் மகளும் அந்த வருஷம் அதே பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பக்கம் கொண்டுபோனா குறி மாறும்னு எத்தனை தடவை சொல்றது?"

"உன்னை எத்தனை தடவை குளிக்கச் சொல்லியிருக்கேன்? கோபப்பட்டேனா?"

"பட்டே."

இருவரும் தேறினார்கள். அறிவியலில் அம்மாவுக்கு மதிப்பெண் அதிகம் என்று மகள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பன்னிரண்டாவதையும் அப்படியே சேர்ந்து தாண்டினார்கள். மகள் கட்டடக்கலைக்குப் போனாள், அம்மா நர்சிங் கல்லூரிக்கு. அங்கே மகள் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் பெரியக்கா.

பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் கையில் ஊசி குத்தும்போது ஒரு தொல்லையும் இல்லை. வார்டில் ஒரு பெரியவரின் கையிலிருந்து நிஜ ரத்தம் குழாயில் ஏறியபோதுதான் காது அடைத்தது. பக்கத்தில் நின்ற ஆசிரியை ஊசியைப் பிடித்துக்கொண்டார். பெரியக்கா தரையில் கிடந்தாள். கண் விழித்தபோது, அந்தப் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாளால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் போகலை. பஸ்ஸே ஓட்டிக்கிறேன்" என்றாள் வீட்டில்.

கணவன் கரண்டியை வைத்துவிட்டு வந்தான். "மயக்கம் எப்படி வருது?" என்று கேட்டான்.

"முதல்ல காது. அப்புறம் கால் துவளுது."

"அப்போ உட்கார்ந்துக்கிட்டு எடு. நின்னுதான் எடுக்கணும்னு சட்டமா?"

மறுநாள் தயங்கித் தயங்கி ஆசிரியையிடம் கேட்டாள். "இதுக்கா இவ்வளவு யோசனை?" என்று அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். காது அடைக்கும்போது தொடைத் தசைகளை இறுக்கினால் மயக்கம் தள்ளிப்போகும் என்றும் சொல்லிக்கொடுத்தார். அன்றும் அதே பெரியவருக்குத்தான் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது.

"இந்தம்மாவே எடுக்கட்டும்" என்று அவர் கையை நீட்டினார்.

பெரியக்கா உட்கார்ந்தாள், தொடைகளை இறுக்கினாள். காது லேசாக அடைத்தது. குழாய் நிறைந்தது. அவள் ஸ்டூலிலேயே இருந்தாள்.

"முடிஞ்சுதா? நீங்க நல்லா இருக்கீங்களாம்மா?"

"நான் நல்லா இருக்கேன் ஐயா. நீங்க?"

"தெரியலை. நான் இன்னும் கண்ணைத் திறக்கலை."

வார்டே சிரித்தது. சில மாதங்களில் ஸ்டூல் தேவைப்படவில்லை.

இப்போது அவள் இதய நோய்ப் பிரிவில் நர்ஸ். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு வார்டு. நேற்றும் செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி பிரஷர் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.

"காலையிலதானே பார்த்தேன்?"

"அதுக்கப்புறம் எங்க மாமியார் வந்துட்டாங்க."

பெரியக்கா பட்டையை எடுத்து அவள் கையில் சுற்றினாள்.