எழுபத்தெட்டு டிகிரி காபி

மந்தைவெளி ரயில் நிலையத்தின் பின்தெருவில், நல்லசிவம் வீட்டில் காபி ஆறுவதில்லை. குடிவந்த பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மனிதர், காலையில் டம்ளரோடு தெருவில் வந்து நின்றுதான் குடிப்பார். வாசற்படி தாண்டினால் எல்லார் வீட்டுக் காபியையும் போல ஆறிவிடும். "இன்னா அண்ணாச்சி, தெருவுக்கே காட்டிக்கினு குடிக்கிற?" என்பார் எதிர்வீட்டு ஆட்டோக்காரர். கேட்டுவிட்டுப் போகட்டும்.

வினை வந்தது, மகள் தீபிகா நந்தனத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்த பிறகு. நுண்கணித வகுப்பில் வேலை கொடுத்தார்கள்: வீட்டில் ஒரு டம்ளர் காபியில் தெர்மாமீட்டரை வைத்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் வெப்பத்தைக் குறித்து, ஆறும் வேகத்தைக் கணக்கிட வேண்டும். நாற்பத்தொரு பேர் அழகாக வளைந்து இறங்கும் கோட்டைக் கொண்டுவந்தார்கள். தீபிகாவுடையது ஸ்கேல் வைத்த நேர்கோடு. எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு.

பாடம் எடுக்கும் மர்சலின் மேடம், மாதா கோயில் கடிகாரத்தையே தன் கைக்கடிகாரத்தோடு சரிபார்த்த பிறகுதான் நம்புவார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, பொய் ரீடிங் எழுதக்கூடச் சோம்பேறித்தனமா?"

"சத்தியமா அளந்தேன் மேம். எங்க வீட்டுல அப்படித்தான்."

திங்கட்கிழமை கல்லூரியின் முறைகேடு விசாரிக்கும் குழுவுக்கு எழுதினால் பெண்ணுக்கு ஒரு வருஷம் போச்சு. அதற்குள் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று, சனிக்கிழமை மத்தியானம் சொந்தத் தெர்மாமீட்டரோடு அந்த வீட்டுக்கே போய்விட்டார் மர்சலின்.

மேஜைக்கடியில் குனிந்து பார்த்தார். டம்ளரின் அடியைத் தடவி விரலைச் சுட்டுக்கொண்டார். தெர்மாமீட்டர் மேலேயே சந்தேகம் வந்து பானைத் தண்ணீரில் வைத்தார். யோக்கியமாக இருபத்தாறு காட்டியது. காபியில் எழுபத்தெட்டு. மூன்று மணி நேரம் கழித்தும் எழுபத்தெட்டு. தீபிகாவின் அம்மா சண்முகவடிவு, "வெளிய கொண்டுபோய்க் குடிங்க மேடம், இங்க நாக்கு வெந்துரும்" என்றாள்.

திங்கட்கிழமை மர்சலின் மற்ற நாற்பத்தொரு நோட்டையும் பரப்பிவைத்துப் பார்த்தார். இருபதாம் நிமிஷத்தில் அத்தனை பேர் காபியும் ஐம்பத்தொன்று புள்ளி நான்கு. பாடப்புத்தக உதாரணத்திலும் அதேதான். அட கர்த்தரே! பதினோரு வருஷமாக இந்த வளைவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். வகுப்பில் தெர்மாமீட்டரைத் தொட்டவள் அந்தப் பெண் ஒருத்திதான். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

குழுவுக்கு எழுதவில்லை. நாற்பத்தொரு நோட்டையும் திருப்பிக் கொடுத்து மறுபடி அளக்கச் சொன்னார். தீபிகாவின் நோட்டில் 'மாறும் வேகம் சுழியம். சரி' என்று எழுதி முழு மதிப்பெண் போட்டார். அடுத்த வருஷத்துக் கேள்வித்தாளில் ஒரு வரி கூடியிருந்தது: 'நல்லசிவம் வீடு நீங்கலாக.' ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.