இரண்டு பூச்சிக்கும் ஒரே மருந்து

மின்கம்பிப் பாதைக்குக் கீழே புதர் வெட்டுவது எங்கள் வேலை. கம்பி சதுப்பு நிலத்தின் நடுவே போனதால் நாங்களும் நடுவிலேயே போனோம். அங்கிருந்த கொசுக்களைப் பற்றி நான் கூட்டிச் சொல்ல விரும்பவில்லை. இரண்டு சேர்ந்து வந்தால் தலையிலிருந்து தொப்பியைத் தூக்கிக்கொண்டு போகும். ஒன்று தனியாக வந்தால் போட்டுப் பார்த்துவிட்டு, அளவு சரியில்லை என்று திரும்ப வைத்துவிடும். அவ்வளவுதான். உண்ணிகள்தான் மோசம். புல் நுனியில் ஏறி, பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவர்களைப் போல முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு நிற்கும். உரசிப் போகிறவன்மேல் ஏறிக்கொள்ளும். பிறகு இறங்கச் சொன்னாலும் இறங்காது.

முன்பெல்லாம் கம்பெனியே பூச்சி மருந்து ஏற்றிய உடுப்பாக வாங்கிக் கொடுக்கும். அந்த வருடம் செலவைக் குறைக்கிறோம் என்று சாதா உடுப்பைக் கையில் திணித்து, மருந்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடையில் விற்ற தெளிப்பு டப்பா ஒரு சட்டைக்கும், கால்சட்டையில் ஒரு காலுக்கும்தான் வந்தது. எங்கள் எட்டுப் பேரில் ஒற்றைக் காலோடு யாரும் இல்லை.

ஆகவே என் மைத்துனனிடம் போனேன். என் மனைவியின் தம்பி. சலவைக்கடை வைத்திருந்தான். எங்கள் எட்டுப் பேரின் உடுப்பும் தினமும் அவனிடம்தான் போகும். சொல்லப்போனால் அவன் வீட்டு அடுப்பு எரிந்ததே எங்கள் சேற்றால்தான்.

துணிக்கென்றே விற்கிற கெட்டி மருந்தைப் பெரிய பாட்டிலாக வாங்கி வரச் சொன்னான். வாங்கிப் போய், அவன் கடைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டேன்.

"என்ன மாமா, யானையக் குளிப்பாட்டப் போறீங்களா?"

"முக்கி எடுக்கணும்ல மாப்ளே?"

"தொட்டி நெறையக் கலக்குவீங்க. துணி குடிச்சது போக மிச்சத்தச் சாக்கடைல ஊத்துவீங்க. அப்புறம் சாக்கடையத்தான் கொசு கடிக்காது."

அவன் ஒரு ஜோடி உடுப்பை முதலில் வெறும் தண்ணீரில் முக்கினான். சொட்டாத அளவுக்குப் பிழிந்தான். வாளியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பார்த்தான். ஒரு ஜோடி குடிப்பது அவ்வளவுதான். உடுப்பு காய்ந்ததும், பாட்டிலில் போட்டிருந்த விகிதப்படி அந்த அளவுக்கு மட்டும் மருந்து கலந்தான். கையுறை மாட்டிக்கொண்டு, குழந்தைக்கு ஊட்டுவதுபோலக் கடைசிச் சொட்டுவரை துணிக்கே ஊட்டினான். பிறகு வெயில் படாத இடத்தில் தொங்கவிட்டான். ஒரே பாட்டிலில் எட்டுப் பேருக்கும் ஆயிற்று, இரண்டு மூடி மிச்சம்.

உடுப்பை வாங்க வந்தபோது வக்கீல் அந்தப் பாட்டிலை எடுத்துப் படித்தான். இவன் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் இல்லை. எங்களோடு புதர் வெட்டுகிறவன்தான். எதிலும் ஒரு பாயிண்ட் எடுக்காமல் விடமாட்டான் என்பதால் அந்தப் பெயர்.

"ஆறு சலவை வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கான்," என்றான். "இத்தன நாள்னு போடல. சலவைக் கணக்குதான். அப்ப, துவைக்கவே இல்லன்னா?"

எல்லோரும் யோசித்தோம்.

"ஆயுசுக்கும் தாங்கும்!" என்று தீர்ப்பும் அவனே சொன்னான்.

எங்களோடு சேர்ந்து என் மைத்துனனும் சிரித்தான். சிரிக்க வேண்டிய ஆள் அவன் இல்லை என்பது அப்போது அவனுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

மருந்து வேலை செய்தது. எங்கள்மேல் ஏறிய உண்ணி முழங்கால்வரை வந்து, வந்த காரியம் மறந்துபோனதுபோல் தடுமாறிக் கீழே விழும். அந்தச் சந்தோஷத்தில் வாரக்கணக்கில் ஒருவரும் உடுப்பைத் தண்ணீரில் காட்டவில்லை. கொஞ்ச நாளில் என் கால்சட்டை யார் துணையும் இல்லாமல் நிற்கத் தொடங்கியது. வக்கீலுடையது உட்காரவும் செய்யும்.

எங்கள் சூப்பர்வைசருக்கு மூக்கு கொஞ்சம் தாராளம். அதுவரை தினமும் வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, இதை வெட்டு, அதை விடு என்று காதருகே சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கத்தில் ஜீப்பை நிறுத்தினார். பிறகு ஜீப்பைவிட்டு இறங்குவதையும் நிறுத்தினார். தூரத்திலிருந்து தலையை எண்ணிவிட்டுப் போய்விடுவார். வக்கீல் தன் மாற்று உடுப்பையும் கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தான். ஒருநாள் ஒன்பது பேர் என்று எழுதிக்கொண்டு போனார். அந்த ஒன்பதாவது ஆள் அமைதியாக வேலை செய்கிறான் என்று ஆபீசில் பாராட்டியதாகவும் கேள்வி.

நாங்கள் புதரையும் வெட்டினோம். நிழலில் காலை நீட்டிப் படுக்கவும் செய்தோம்.

ஒரு சாயங்காலம் அந்த வழியாக வரும்போது மைத்துனன் கடை வாசலில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, ஈ ஓட்டுறியா?"

"ஈ எங்க மாமா? இங்க மருந்து கலந்த நாள்லேர்ந்து ஈயும் வர்றதில்ல. சும்மாதான் ஆட்டிக்கிட்டிருக்கேன், பழக்கம் விட்டுடக் கூடாதுன்னு."

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். என் அறையில் என் மனைவி தையல் டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்தச் சாய்வு நாற்காலியத் தூக்கிட்டா ரெண்டு கட்டில் போடலாம்ல?"

"எதுக்கு?"

"தம்பி அடுத்த மாசம் கடையக் காலி பண்றானாம். துணியே வரலயாம். பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அவன் வேற எங்க போவான்?"

"அப்ப நான்?"

"உங்களுக்கென்ன, கூடத்துல ஒரு ஓரமாப் படுங்க. ஆனா அந்த உடுப்போட வேணாம்."

என் மைத்துனன் நல்லவன். அதுதான் கஷ்டம். முன்பு ஒருமுறை எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியபோது, சும்மா சாப்பிடக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் கஞ்சி போட்டுவிட்டான். என் பனியனுக்கும் போட்டான். மூச்சை உள்ளே இழுத்தால் முறிகிற சத்தம் கேட்கும். தலையணை உறையில் படுத்து எழுந்த என் காதில் இஸ்திரி மடிப்பு விழுந்திருந்தது. ஒரு வாரத்துக்கே இந்தக் கதி என்றால், குடும்பத்தோடு நிரந்தரமாக வந்தால் நான் என்ன ஆவேன்? அறை போகும், நாற்காலி போகும், கூடத்து ஓரத்தில் நானும் நாலாக மடிக்கப்படுவேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் பேச்சைத் தொடங்கினேன்.

"தம்பிகளா, உடுப்ப ஒரு தடவ துவைச்சா என்ன?"

வக்கீல் கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தான். "துவைச்சா மருந்து போகும். மருந்து போனா உண்ணி வரும். அழுக்குப் போனா சூப்பர்வைசர் வருவார். ரெண்டு பூச்சிக்கும் ஒரே மருந்து கெடச்சிருக்கு. அதக் கெடுக்கச் சொல்றீங்களேண்ணே, யாரு உங்கள அனுப்புனா?"

"நாத்தம் தாங்கலப்பா."

"யாருக்கு? எனக்கு இல்ல. உங்களுக்கு இருக்கா?"

உண்மையில் எனக்கும் இல்லை. எப்போதோ பழகிப் போயிருந்தது. நேராக மைத்துனனிடம் போனேன்.

"வெளி உடுப்ப யாரு மாமா தினமும் துவைக்கச் சொன்னா?" என்றான். "வேர்வை உள்ளேர்ந்துதான வருது? உள்ளுக்கு ஒரு பழைய சட்ட, ஒரு மெல்லிசு கால்சட்ட போட்டுக்கச் சொல்லுங்க. அத தினமும் துவைச்சுத் தரேன். மேல போடுறதக் காத்துல ஒதறித் தொங்கவிட்டாப் போதும். பாட்டில்ல போட்ட ஆறு சலவைக் கணக்கும் கொறையாது, மருந்தும் நிக்கும்."

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"நீங்க கேக்கலயே மாமா. நான் கைய ஆட்டுறதப் பாத்துச் சிரிச்சிட்டுத்தான போனீங்க?"

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் வக்கீல் ஒத்துக்கொள்ள வேண்டுமே. என் மனைவியிடம் சொன்னேன். தம்பி கடை தப்பிக்கும் என்றதும் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு வக்கீலின் மனைவிக்குப் போன் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் எட்டுப் பேரின் வெளி உடுப்பும் மூட்டையாக மைத்துனன் கடைக்கு வந்து சேர்ந்தது. அவன் அதைப் பச்சைத் தண்ணீரில், மெஷினில் போடாமல் கையால், ஒரே ஒரு முறை அலசிக் கொடுத்தான். சாக்கடை மூன்று நாள் கறுப்பாக ஓடியது. அலசிய மறுநாள் வேலைக்கு வந்த வக்கீல் உள்ளே பூப்போட்ட சட்டை போட்டிருந்தான். யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

மைத்துனன் கடையில் மெஷின் மறுபடி ஓடியது. என் நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் காற்று சுத்தமாகிவிட்டதே. சூப்பர்வைசர் ஜீப்பிலிருந்து ஒரு காலை இறக்கி மோந்து பார்த்தார். இன்னொரு காலையும் இறக்கினார். அரைக்கைச் சட்டையோடு நேராக எங்கள் நடுவே வந்து நின்றார்.

"யாருய்யா அது, மரத்தடியில படுத்திருந்தது?" என்று ஆரம்பித்தார்.

அந்தச் சதுப்பு நிலத்துப் பூச்சிகள் எங்களால் பல வாரமாகப் பட்டினி கிடந்தவை. மருந்து ஏற்றாத மனிதர் ஒருவர் தானாக நடந்து வந்திருக்கிறார் என்ற செய்தி எப்படிப் பரவியதோ, கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல் நுனிகள் குனிந்தன. கொசுக்கள் அவரை ஓர் அங்குலம் மேலே தூக்கியதைக் கண்ணால் பார்த்தேன். வக்கீல் இரண்டு அங்குலம் என்பான், அவன் எதையும் பெரிதாக்கிப் பேசுகிறவன். உண்ணி எங்கெங்கே ஏறியது என்று சொல்வது மரியாதையாக இருக்காது. சூப்பர்வைசர் ஜீப்புக்கு ஓடினார். ஓடும்போதே சொரிந்துகொள்ள அவருக்கு இரண்டு கை போதவில்லை.

இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நாங்கள் அன்று சீக்கிரமே படுத்தோம்.

சாயங்காலம் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று மைத்துனன் கடைக்குப் போனேன். அங்கே சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார், முகமெல்லாம் தடிப்பாக. மேசைமேல் அவருடைய சட்டை, கால்சட்டை, காலுறை, தொப்பி எல்லாம் குவிந்து கிடந்தன.

நான் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணைச் சிமிட்டினேன். "மருந்துதான் தீந்து போச்சே மாப்ளே?"

"இல்லையே மாமா, நேத்துதான் புது பாட்டில் வந்துச்சு," என்றான், பால் வடியும் முகத்தோடு. "உங்க கண்ணுல என்ன, தூசியா?"

"நல்லா முக்குப்பா," என்றார் சூப்பர்வைசர். "காசு கம்பெனி குடுக்கும். மத்தப் பாதையில வெட்டுற ஆளுங்க உடுப்பெல்லாம் இனிமே உன்கிட்டயே அனுப்பச் சொல்றேன். தெளிப்பு டப்பாவுக்கு இது எவ்வளவோ மலிவு."

மைத்துனன் இரண்டு கையாலும் உடுப்பை வாங்கி வைத்துக்கொண்டான். அவன் கடை இனி என் ஆயுளில் மூடப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாதமே ஒரு ஆளையும் வேலைக்கு வைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசர் மடக்கு நாற்காலியோடு வந்தார். எங்கள் நடுவே விரித்துப் போட்டு உட்கார்ந்தார். ஓர் உண்ணி அவர் பூட்ஸில் ஏறி, யோசித்து, இறங்கிப் போனது. மதியம்வரை அவர் எழுந்திருக்கவில்லை. மதியத்துக்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை.

வக்கீல் என் பக்கத்துப் புதருக்கு வந்து மெல்லச் சொன்னான்: "உங்க மச்சான் உங்க வீட்டுக்கே வந்திருந்தா கஷ்டம் உங்க ஒருத்தருக்குத்தான்ணே. இப்ப எட்டுப் பேருக்கும்."

"பேச்சு என்ன அங்க?" என்றார் சூப்பர்வைசர்.

நாங்கள் வெட்டினோம்.